வைத்தியர் வீட்டுப் பயம்

"அம்மா, பயம் போக ஒரு மந்திரம் வேண்டும். இன்றைக்கே வேண்டும்."

வந்ததும் வராததுமாகத் திருமேனி கேட்டார். வேலிக்கு வெளியே அவருடைய வில்வண்டி நின்றது. விரட்டி வந்ததில் மாடுகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது.

உமையம்மையார் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

திருமேனி ஜமீனின் அரண்மனை வைத்தியர். அவர் கை பட்டால் பாதி நோய் போகும் என்று ஊரில் பேச்சு. ஆனால் தன் மனம் கலங்கும்போது மட்டும் ஆற்றைக் கடந்து இந்தக் குடிசைக்கு வருவார். அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் அவருக்குக் குரு.

"என்ன பயம்?"

"நாளைக்கு ஜமீன் சபை கூடுகிறது. ஜமீன்தாருடைய இறந்துபோன தம்பியின் மனைவி குழல்வாய் நாச்சியாருக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டுமாம். ஜமீன்தார் கட்டளை. நான் சொல்லிவிட்டால் அவளுடைய நிலமெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அவளை மச்சு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்."

"பேதலித்திருக்கிறதா?"

"நேற்று நாடி பார்த்தேன். தெளிந்த நாடி. நான் கையை விடும்போது அவள் கேட்கிறாள்: 'வைத்தியரே, உங்களுக்கு என்ன ஆயிற்று? விரல் இப்படி நடுங்குகிறதே.'"

"அப்படியானால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்."

"சொன்னால் நான் தெருவில் நிற்பேன், அம்மா!"

அம்மையார் குடத்தைக் கீழே வைத்தார்.

"மந்திரம் இருக்கிறது. ஆனால் முதலில் அந்தப் பயத்தை நான் பார்க்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறாய்?"

"நெஞ்சுக்குள்தான்."

"அவ்வளவு பெரிய பயம் நெஞ்சுக்குள் அடங்காது. வா, உன் வீட்டுக்குப் போவோம்."

வண்டியில் ஏற மாட்டேன் என்றார் அம்மையார். நடந்தே போனார்கள். வண்டி வெறுமனே பின்னால் வந்தது. வழியெல்லாம் திருமேனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அரண்மனை ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்?

வீட்டில் அவர் மனைவி ஆவுடையாள் ஓடிவந்து அம்மையாரை வணங்கினாள். அழுது வீங்கிய கண்கள்.

பெரிய வீடு. கூடத்தில் தேக்கு ஊஞ்சல். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி.

"அம்மா, ஊஞ்சலில் உட்காருங்கள்."

"இது யாருடையது?"

"என்னுடையதுதான்." திருமேனி தயங்கினார். "செட்டியாருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது."

"சரி. உன்னுடையதாக ஒன்றைப் போடு. உட்காருகிறேன்."

திருமேனி உள்ளே போய் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தார். தூக்கிவந்த பிறகுதான் நினைவு வந்தது. அது தீபாவளிக்கு ஜமீன்தார் கொடுத்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

பட்டு விரிப்பை எடுத்தார். அதுவும் கடன்.

"இந்தத் தரையில் உட்காரலாமா?" என்று கேட்டார் அம்மையார்.

"வீடு ஜமீனுடையது, அம்மா. நான் வேலையில் இருக்கும்வரைதான்."

அம்மையார் நின்றுகொண்டே இருந்தார்.

திருமேனி அறை அறையாகப் போனார். பெட்டியைத் திறந்தார், மூடினார். பரணைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. இத்தனை சாமான்களுக்கு நடுவில் ஒரு குருவை உட்கார வைக்க ஒரு பலகை இல்லை. பயம் இன்னும் அதிகமாயிற்று. வாய்விட்டு அழுதுவிடுவோமோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது ஆவுடையாள் அடுப்படியிலிருந்து ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து விரித்தாள். ஓரம் நைந்த பாய்.

"இது என்னுடையது. உட்காருங்கள், அம்மா."

"எப்படி வாங்கினாய்?"

"பிடி அரிசி விற்ற காசில்."

அம்மையார் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

திருமேனி பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

"மந்திரம் சொல்லாமல் போகிறீர்களே!"

"உன் மனைவிக்குத் தெரியும். அவளிடம் கேள்."

அம்மையார் போய்விட்டார்.

திருமேனி திரும்பினார். "என்ன பிடி அரிசி?"

ஆவுடையாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவேன். பானை நிறைந்தால் விற்பேன். நாம் இங்கே வந்த நாளிலிருந்து."

"அந்தக் காசெல்லாம் எங்கே?"

"அக்கா ஊரில் ஒரு கறவை மாடு இருக்கிறது. அவள் வீட்டுக் குதிரில் நமக்கென்று ஒரு வருஷத்து நெல் கிடக்கிறது. மாட்டுத்தொழுவை ஒட்டி ஒரு கூரை வீடு சும்மாதான் கிடக்கிறது. நமக்குப் போதும்."

திருமேனி அவளையே பார்த்தார். ஒட்டுப்போட்ட சேலையை அவள் உடுத்தும்போதெல்லாம் அவர் எரிந்து விழுந்திருக்கிறார். வைத்தியர் மனைவி உடுத்துகிற சேலையா இது?

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் கூடத்தில் இன்னொரு விளக்கு தொங்கியிருக்கும்."

திருமேனி அண்ணாந்து அந்த விளக்குகளைப் பார்த்தார். 

"ஒரு வருஷம் கழித்து?"

"வைத்தியம் கற்றுக்கொடுத்தது ஜமீன்தாரா? அந்த ஊர்க்காரர்களுக்குக் காய்ச்சலே வராதா?"

"கண்ணாடி, ஊஞ்சல், வண்டி எல்லாம்?"

"செட்டியார் வந்து எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் வாங்கிக் கொடுத்த வளையலையும் கொடுத்துவிடுங்கள். அதைப் போட்ட நாளிலிருந்து எனக்குக் கைதான் வலிக்கிறது."

திருமேனி கோரைப்பாயில் உட்கார்ந்தார். அந்தப் பாயில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சபை கூடியது.

பாளையத்து ஊர்களின் நாட்டாண்மைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் நாச்சியார். அவள் இருக்கிறாள் என்பதற்குத் திரை இலேசாக அசைந்ததுதான் அடையாளம். மச்சு அறைக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கி, ஜமீன்தாரின் காலடியில் தயாராக வைத்திருந்தார்கள்.

"வைத்தியர் சொல்லட்டும்" என்றார் ஜமீன்தார்.

திருமேனி எழுந்தார். சபை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாச்சியாரின் நாடியைப் பார்த்தேன்."

"ம்."

"ஒரு கோளாறும் இல்லை. சித்தம் தெளிவாக இருக்கிறது."

ஜமீன்தார் சிரித்தார். "வைத்தியருக்குத் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது. நன்றாக யோசித்துச் சொல்லும்."

"யோசித்துவிட்டேன், மகாராஜா. இதைத்தான் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்."

நாட்டாண்மைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"வைத்தியர் சொல்லிவிட்டார். அப்புறம் பேச என்ன இருக்கிறது? நிலம் நாச்சியாருக்குத்தான்."

மற்றவர்கள் தலையசைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விம்மல் ஒன்று எழுந்து, பாதியிலேயே அடங்கியது.

ஜமீன்தார் காலால் பூட்டை எற்றினார். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. அவர் திருமேனியின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. அவருடைய குரல் தாழ்ந்தால் அரண்மனையில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

"வைத்தியரே, நீர் இருப்பது யார் வீடு என்று நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது."

"இன்று பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும்."

திருமேனி மடியை அவிழ்த்தார். சாவிக்கொத்தை எடுத்து ஜமீன்தாரின் முன்னால் வைத்தார்.

"விடியும்போதே காலி செய்துவிட்டோம், மகாராஜா."