பேச்சியம்மா பிள்ளையைப் படுக்கவைத்த விதம்

குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு ஸ்டெல்லா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினைந்து வருடம் ஆபரேஷன் வார்டில் நின்றவள். இங்கே அவளுக்கு வேலை பழக்கியவள் தலைமைச் செவிலி செண்பகம். ஸ்டெல்லாவை விடப் பத்து வயது சின்னவள்.

ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா கேட்டாள்.

“சிஸ்டர், போன மாசம் நாம வீட்டுக்கு அனுப்பின பிள்ளை தூக்கத்திலேயே போயிடுச்சு. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. குப்புறப் போட்டிருந்தாங்களாம். மல்லாக்கத்தான் போடணும்னு நானே சொல்லி அனுப்பினேன். இன்னும் எப்படிச் சொல்லணும்?”

“இன்னைக்கு வீட்டுக்குப் போறது யாரு, அக்கா?” என்று கேட்டாள் செண்பகம்.

“பேச்சியம்மா.”

“அவகிட்ட சொல்லுங்க. நான் நிக்கிறேன்.”

பேச்சியம்மா துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்து முப்பத்தெட்டு நாள். ஒன்றேகால் கிலோவில் பிறந்த மகன் இப்போது இரண்டு கிலோ.

ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொன்னாள். “எங்கே, திருப்பிச் சொல்லு.”

“மல்லாக்கப் போடணும். கடுகுத் தலையணை கூடாது. முகத்துப் பக்கம் துணி கிடக்கக் கூடாது. கிட்ட உக்காந்து எங்க வீட்டுக்காரர் பீடி பிடிக்கக் கூடாது.” ஒன்றும் விடாமல் ஒப்பித்துவிட்டுச் சிரித்தாள். “பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லியிருந்தா என்னை ஏன்க்கா பெஞ்சு மேல ஏத்தியிருக்கப் போறாங்க.”

ஸ்டெல்லாவும் சிரித்தாள். செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரி, இப்ப அவனைத் தூங்கப் போடு” என்றாள் செண்பகம்.

பேச்சியம்மா குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தாள். முகத்தை ஒருபக்கம் திருப்பினாள். காலிரண்டையும் மடக்கிவிட்டாள். முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். அச்சு அசலாக ஸ்டெல்லா செய்வது போலவே இருந்தது.

“இப்பத்தானேம்மா சொன்னே?” என்றாள் ஸ்டெல்லா.

“சொன்னேன்க்கா. ஆனா முப்பத்தெட்டு நாளும் நீங்க இப்படித்தானே போட்டீங்க. இப்படிக் கிடந்துதானே இவன் பிழைச்சான்.”

“அப்ப இவனுக்கு மூச்சு சிரமம். குப்புறக் கிடந்தா லேசா இருக்கும். உடம்புல வயர் இருந்துச்சு, மூச்சு நின்னா மிஷின் கத்தும். வீட்ல எது கத்தும்?”

பேச்சியம்மா தலையாட்டினாள். பிள்ளையைத் திருப்பவில்லை.

“வயரைக் கழட்டி எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள் செண்பகம்.

“பத்து நாள் சிஸ்டர்.”

“இந்தப் பத்து நாளும் எப்படிப் போட்டீங்க?”

ஸ்டெல்லா குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். “குப்புறத்தான். நல்லாத் தூங்கறானேன்னு.”

“நானும் பார்த்துட்டுத்தான் போனேன்” என்றாள் செண்பகம்.

அவள் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போவது சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. பேச்சியம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“பிள்ளைக்கு என்னக்கா?”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. மல்லாக்கத் தூங்கிப் பழகட்டும், நாலு நாள் எங்களோட இரு.”

ஸ்டெல்லா குழந்தையை மல்லாக்கத் திருப்பினாள். அது திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது. உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தது. ஸ்டெல்லாவின் கை தானாக அதன் முதுகுக்கு அடியில் நுழைந்தது, புரட்டிப் போட.

செண்பகம் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நெஞ்சுல தட்டிக்குடுங்கக்கா. அவ உங்க கையைத்தான் பார்த்துட்டிருக்கா.”