நட்சத்திரம் போட்ட கட்டம்

தண்ணீர் கேன் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சூசை சார் போட்ட ஸ்க்ரீனைத் திறந்தாலே, நாம ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்குடா."

இன்னொரு குரல் சிரித்தது. "எனக்கு ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

சூசைமாணிக்கம் தடுப்புக்கு இந்தப் பக்கம் காலி டம்ளரோடு நின்றிருந்தார். தண்ணீர் பிடிக்காமலே தன் இடத்துக்குத் திரும்பினார்.

தூத்துக்குடியில் மூன்றாம் மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் அது. அவர் அங்கே சேர்ந்தபோது கணினித் திரைகளுக்குப் பெட்டி போலப் பெரிய முதுகு இருந்தது. உப்பு வியாபாரிகளுக்கும் லாரி ஷெட்டுகளுக்கும் அவர் எழுதிய நிரல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் நிறத் திரை. வரிசையாகக் கட்டங்கள். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றாவது பாதியில் நின்றது என்று ஒருவரும் போன் செய்ததில்லை.

ஆனால் இப்போது வந்திருந்த வேலை வேறு. கடலுக்குப் போய்த் திரும்பாத படகுகளைப் பற்றிச் சொல்ல ஒரு தொலைபேசி எண் உண்டு. அந்த அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிய திரை வேண்டும். பிரவுசரிலும் ஓட வேண்டும், மேசைக் கணினியிலும் ஓட வேண்டும். வரைபடம் வேண்டும்.

மேலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை அவங்களுக்குக் காட்டுறோம் சார். திரை கட்டுற புது மென்பொருள் கருவியிலதான் செய்யணும். அவங்க சரின்னுட்டா நீங்க இந்த டீம்லயே இருங்க. இல்லைன்னா பழைய நிரல்களைப் பார்த்துக்கிற பக்கம் போயிடலாம். அங்கயும் ஆள் வேணும்."

அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் புதிதாக ஒன்றைக் கட்டியதில்லை. அது அவருக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

அந்தப் புதுக் கருவியை அந்த அலுவலகத்தில் முழுசாக அறிந்தவள் நிலோஃபர். அவருடைய மகளைவிட ஒரு வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

"ஏம்மா, எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சார், நானா?"

"நீதான் டீச்சர்."

அவள் முகம் சிவந்துபோயிற்று. "டீச்சர்னு எல்லாம் சொல்லாதீங்க சார்."

அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

முதல் பாடம் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவது. பழைய கருவியில் எதை மாற்றினாலும் நிரல் முழுவதையும் மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். கட்டளையைக் கொடுத்துவிட்டு டீக்குப் போய்விடுவது வழக்கம். திரும்பி வரும்போது பாதி முடிந்திருக்கும். சூசைமாணிக்கம் நீலம் என்று எழுதினார், சேமித்தார், எழுந்தார்.

"எங்க சார்?"

"டீ குடிச்சிட்டு வந்துடுறேன். அது ஓடட்டும்."

"ஓடிடுச்சு சார்."

அவர் குனிந்து பார்த்தார். பொத்தான் நீலமாக இருந்தது. பக்கத்தில் திறந்திருந்த பிரவுசரிலும் நீலம். மேசையில் கிடந்த அவளுடைய போனிலும் நீலம். எழுதியது ஒரே இடத்தில்.

உட்கார்ந்தார். நீலத்தைப் பச்சையாக்கினார். மூன்றையும் பார்த்தார். பச்சையை மஞ்சளாக்கினார். மறுபடியும் நீலம்.

"சிரிக்காதம்மா."

"இல்ல சார். முதல் நாள் நானும் இதையேதான் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அன்றைக்கு அவர் டீ குடிக்க மறந்துவிட்டார்.

அதன்பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்தக் கருவியில் திரை என்பது சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு துண்டை ஒருமுறை செய்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். ஒன்றில் கை வைத்தால் மற்றது கலையாது. அவர் காலத்தில் ஒரு கட்டத்தை அரை அங்குலம் தள்ளினால் பக்கத்துக் கட்டம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்போது அவையாகவே விலகி இடம் விட்டன. "பஸ்ஸுல பொம்பளையாளுக்கு எந்திரிச்சு இடம் விடுற மாதிரி விடுதே!" என்று அவர் சத்தமாகச் சொல்ல, இரண்டு மேசை தள்ளி இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

வரைபடம் விரல் பட்டால் விரிந்தது. பொத்தான்களுக்கு மெல்லிய நிழல் விழுந்தது. ஒரு கட்டத்தில் தவறாக ஏதாவது எழுதினால் அது இடமும் வலமுமாக, மாட்டேன் என்று தலையாட்டியது. அந்தத் தலையாட்டலை அவரே செய்திருந்தார். வியாழக்கிழமை காலையில் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார்.

மதியம் நிலோஃபரிடம் வந்தார்.

"டீச்சர், முடிஞ்சிருச்சு. பாத்தியா?"

"பார்த்தேன் சார். அழகா இருக்கு."

அவள் மனதில் இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"கருவி கைக்கு வந்துடுச்சும்மா. இனிமே கத்துக்க என்ன இருக்கு?"

நிலோஃபர் அவர் திரையைப் பார்த்தாள். பிறகு தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க திரை என் கணினியிலேர்ந்துதானே சார் ஓடுது? அப்படியே திறந்து வச்சிருங்க." வெளியே போய்விட்டாள்.

இரண்டு நிமிடத்தில் அவருடைய போன் அடித்தது. அவள்தான்.

"ஐயா, படகு காணாமப் போனா சொல்றதுக்கு இந்த நம்பர்தானா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாம்மா. சொல்லுங்க."

"எங்க போட்டு இன்னும் வரல்லய்யா."

முதல் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சிவப்பு நட்சத்திரம்.

"படகுப் பதிவு எண் சொல்லுங்க."

"அதெல்லாம் தெரியாதுய்யா. நேத்துக் காலைல போனது. கூடப் போனவுக எல்லாம் கரை ஏறிட்டாக. இது மட்டும் வரல்ல."

எப்போதும்போல அவர் முதலில் தரவுகளுக்கான அட்டவணையைத்தான் போட்டிருந்தார். அட்டவணையில் முதலில் இருப்பது பதிவு எண். அதனால் திரையிலும் முதலில் பதிவு எண். அதை நிரப்பாமல் அடுத்த கட்டம் திறக்காது. எந்த உப்பு வியாபாரியும் அதைக் குறை சொன்னதில்லை.

"எண் ஏதாவது எழுதி வச்சிருப்பாங்களேம்மா, வீட்டுல பாருங்க."

"வீட்டுல நானும் மாமியாரும்தான் இருக்கோம். எம் பையனும் அதுலதான் போயிருக்கான். பதினெட்டு வயசுதான்யா."

நடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவசரமாக நான்கு பூஜ்யங்களைத் தட்டினார். கட்டம் இடமும் வலமுமாகத் தலையாட்டியது.

"நீலக் கொடி கட்டியிருக்கும்யா. மோட்டாரு நேத்தே மக்கர் பண்ணுதுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஐயா, கேக்குறீகளா?"

"கேக்குறேம்மா, இருங்க."

நீலக் கொடியை எழுத இடமில்லை. மோட்டாரை எழுத இடமில்லை. மறுபடி பூஜ்யங்களைத் தட்டினார். அது மறுபடி தலையாட்டியது.

"கேக்குறீகளா?"

அப்போது அவர் கண்ணெதிரில் நட்சத்திரம் அணைந்தது.

பதிவு எண் கேட்ட கட்டம் மெல்ல இறங்கி, திரையின் அடிக்குப் போயிற்று. அவர் தட்டிய நான்கு பூஜ்யங்களும் அதற்குள் அப்படியே இருந்தன. அது இருந்த இடத்தில் அகலமாக ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. மேலே ஒரு வரி: என்ன நடந்தது?

யாரும் எதையும் மூடவில்லை. எதுவும் நின்று தொடங்கவில்லை. அவர் விரல்கள் விசைகளின்மேல் இருக்கும்போதே திரை வேறாகிவிட்டிருந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் சொன்னாள். அவர் தட்டினார். நேற்றுக் காலை. நீலக் கொடி. மோட்டார் கோளாறு. பையனும் கூட.

"எந்தப் பக்கம் போனாங்க?"

"மணப்பாடு தாண்டின்னு சொன்னாரு. வேற தெரியாதுய்யா."

அவர் 'மணப்பாடு' என்று தட்டி முடிப்பதற்கும், வலப்பக்கம் அந்தக் கடற்கரையோடு வரைபடம் நகர்ந்து வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவர் செய்த வரைபடம்தான். இவ்வளவு நேரம் அது நான்காவது பக்கத்தில் இருந்தது.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து வெளியே போனார். நிலோஃபர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் மடிக்கணினி. கழுத்தைச் சாய்த்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தாள். விரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

அவர் இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"ஒரு கட்டத்தை இப்படி நகர்த்தணும்னா, அந்தக் காலத்துல அடுத்த வெர்ஷன் வரைக்கும் காத்துக்கிட்டிருப்பாங்கம்மா."

"ம்."

"நடுவுல யாரும் கேக்கவும் மாட்டாங்க. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுருவாங்க."

"ம்."

"இதை வச்சுக்கிட்டு நான் கட்டத்தைத் தலையாட்ட வச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அது நிஜமாவே நல்லாத்தான் சார் இருந்துச்சு."

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"டீச்சர், நிஜமாத்தான் கேக்குறேன். இந்தக் கருவிக்கு இவ்வளவு வேகம் எதுக்கு?"

நிலோஃபர் மடிக்கணினியை மூடினாள்.

"அந்தம்மா பேசுற வேகத்துக்குக் கூடவே வரணும்ல சார்."

மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலாளர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் பின்னால் நின்றார். நிலோஃபர் கதவை ஒட்டி நின்றாள்.

"ம், காட்டுங்க சார்."

சூசைமாணிக்கம் திறந்தார். வெள்ளைத் திரை. ஒரு கட்டம்கூட இல்லை.

மேலாளர் அவர் காதருகே குனிந்தார். "சார், தப்பான ஃபைலைத் திறந்துட்டீங்க."

"இதுதான் சார்."

"என்னங்க இது?" என்றார் அதிகாரி. "நேத்து முடிஞ்சிருச்சுன்னு சொன்னாரே உங்க மேனேஜர்?"

மூலையில் அழைப்பு எடுக்கும் பெண்ணின் மேசையில் தொலைபேசி அடித்தது. அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில், அதே அழைப்பைக் கேட்க இன்னொரு ஹெட்செட் தொங்கியது.

சூசைமாணிக்கம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். விரல்களை விசைகளின்மேல் வைத்து, "எடுங்கம்மா, அவங்க சொல்லச் சொல்லக் கட்டம் வரும்" என்று அவளிடம் தலையசைத்தார்.