பின்னால் வரும் வேன்

"டீச்சர், பட்டியல்ல என் பேரே இல்லையே?"

கேட்டவர் பரஞ்சோதி. வயது ஐம்பத்து மூன்று. தீயணைப்பு நிலைய அதிகாரி.

டீச்சர் என்றது ஜெசிந்தாவை. அவரைவிட இருபது வயது இளையவர். திருச்சியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி டீச்சர்.

பட்டியல், திருச்சியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறவர்களின் பட்டியல். ஏழு நாள் பயணம். பின்னாலேயே ஒரு வேன் வரும். தண்ணீர், வாழைப்பழம், மாற்று டியூப், மருந்துப்பெட்டி எல்லாம் அதில் இருக்கும். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். ஜெசிந்தா நான்கு முறை குழுவை அழைத்துப் போய் வந்தவர். அவர் சரி என்றால்தான் பெயர் ஏறும்.

"நீங்க இன்னும் தயாராகல சார்."

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாக விடியுமுன் எழுந்து மிதிக்கிறவர். புதுக்கோட்டை போய்த் திரும்ப அவருக்கு ஐந்தரை மணி நேரம் போதும். குழுவில் அவரை முந்தியவர் கிடையாது.

"இன்னும் என்ன பண்ணணும்?"

"ஞாயித்துக்கெழமை எல்லாரும் புதுக்கோட்டை போறோம்ல? கீரனூர் தாண்டினதும் சைக்கிள வேன்ல ஏத்திட்டு நீங்களும் ஏறிக்குங்க."

"ஏன், எனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

ஜெசிந்தா பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீரனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றது. டிரைவர் சவரிமுத்து கையைக் காட்டினார். பரஞ்சோதியும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"மறந்துட்டேன் டீச்சர்," என்றார் புதுக்கோட்டையில்.

ஜெசிந்தா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "பரவால்ல. அடுத்த வாரம்."

அடுத்த வாரம் நின்றார். சைக்கிளை ஏற்றினார். அதற்குள் யாருக்கோ பஞ்சர். இறங்கி ஒட்டிக் கொடுத்தார். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார். பிறகு சவரிமுத்துவிடம், "நீ கொஞ்சம் சாஞ்சுக்க, நான் ஓட்டறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

புதுக்கோட்டையில் இறங்கி நிமிர்ந்து நின்றார்.

"வேன்ல வந்துட்டேன்."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். "ஓட்டிட்டு வந்தீங்க சார்."

மூன்றாவது ஞாயிறு காலையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இருபத்தொன்பது வருஷ சர்வீஸ் டீச்சர். கிணத்துலேர்ந்து, எரியிற வீட்டுலேர்ந்து, கவுந்த பஸ்லேர்ந்து, எத்தன பேர இந்தக் கையால தூக்கியிருப்பேன். என்னைய ஒருத்தர் தூக்க வேண்டி வந்ததில்ல. இது ஒரு குத்தமா?"

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். தன் சைக்கிளில் ஏறித் தெருமுனைவரை போனார். அங்கே இறங்கினார். சைக்கிளைச் சவரிமுத்துவிடம் கொடுத்தார். வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

'பாவம், உடம்புக்கு முடியல போல,' என்று நினைத்துக்கொண்டார் பரஞ்சோதி.

அன்றைக்கு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் தைலமரங்கள். ஓர் இலை அசையவில்லை.

கீரனூர் தாண்டியதும் பரஞ்சோதிக்குக் கண் மங்கியது. எதிரே சாலை தண்ணீர்போல் எழும்பித் தாழ்ந்தது.

ஒரு பாலத்துச் சுவரோரம் நிறுத்தினார். போகிறவர்கள் பார்த்தால் செயின் சரிசெய்வதுபோல் இருக்கட்டும் என்று குனிந்துகொண்டார். எல்லாரும் கடந்து போனார்கள்.

கடைசியாக நாகம்மை வந்தார். தபால் நிலையத்தில் வேலை, நாற்பத்தாறு வயது. எப்போதும் அவர்தான் கடைசி. இன்று சைக்கிள் கோணல்மாணலாக வந்தது. பரஞ்சோதியின் அருகே வந்து நின்றுவிட்டது.

முகம் வெளுத்திருந்தது. அந்த வெயிலில் கையில் புல்லரித்திருந்தது.

பரஞ்சோதி நிமிர்ந்தார். வெயில் தாக்கியதன் அடையாளம் அது என்று அவருக்குத் தெரியும்.

"தண்ணி குடிச்சீங்களாம்மா?"

"மாத்தூர்லயே தீந்துபோச்சு சார்."

"மாத்தூர்லயேவா! வேன் பின்னாடியேதானே வருது? நிறுத்திக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா ஏறிக்கச் சொல்லுவாங்க."

"சொன்னா ஏறுறது."

நாகம்மை ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மொத நாள் நீங்கதானே சார் சொன்னீங்க, வேன் தோத்தவங்க வண்டின்னு. எல்லாரும் சிரிச்சோம்."

அப்படிச் சொன்னோமா? எவ்வளவு யோசித்தும் பரஞ்சோதிக்கு நினைவு வரவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவர்தான்.

வேன் வந்தது. இரண்டு கையையும் வீசி நிறுத்தினார். நாகம்மையைத் தாங்கி ஏற்றினார். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாங்கி, "மெதுவா, மெதுவா," என்று குடிக்க வைத்தார். முகத்தில் ரத்தம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தன் சைக்கிளை நோக்கி நடந்தார்.

இரண்டு அடிதான். சாலை மறுபடியும் எழும்பித் தாழ்ந்தது. வேனின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

"நீங்களும் ஏறுங்க சார்," என்றார் நாகம்மை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல."

நாகம்மை ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்தார்.

உள்ளே ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் காலியானது.

பரஞ்சோதி நின்றுகொண்டே இருந்தார். ஒரு லாரி போனது. இன்னொன்றும் போனது.

கடைசியில் சவரிமுத்துவைப் பார்த்து, "சைக்கிள எடுத்து வச்சிருப்பா," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

உட்கார்ந்ததும் சவரிமுத்து ஒரு பாட்டிலை நீட்டினார். பரஞ்சோதி அதை வாங்கி நாகம்மையிடம் நீட்டினார்.

"அவங்ககிட்ட இருக்கு சார். இது உங்களுக்கு," என்றார் சவரிமுத்து.

குடித்தார். தண்ணீர் சட்டையில் சிந்தியது. இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை.

வேன் நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் இளம்பரிதி தென்பட்டான். குழுவிலேயே இளையவன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளன். ஒற்றைக் காலால் மிதிப்பதுபோல் போய்க்கொண்டிருந்தான். வேன் பக்கத்தில் வந்ததும் ஜன்னலுக்குள் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"சார்... நீங்களா?"

"நான்தான்ப்பா. முடியல."

இளம்பரிதி பிரேக் பிடித்தான்.

"எனக்கும் ஒரு மணி நேரமா தொடை இழுத்துக்கிட்டே இருக்கு சார். இடமிருக்கா?"

அடுத்த மைல்கல்லுக்குள் இன்னொருவரும் கேட்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் காதர் மொய்தீன். அவருக்கு முதுகு. எத்தனை வாரமாக என்று பரஞ்சோதி கேட்கவில்லை.

புதுக்கோட்டை நெருங்கும்போது சவரிமுத்துவின் போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டிப் பேசினார்.

"நாம சாப்பிடப்போற மெஸ்ஸுலேர்ந்து கேக்கறாங்க சார். வேன்ல வர்றவங்களுக்கு மொதல்ல இலை போடறாங்களாம். எத்தன பேருன்னு சொல்லணும்."

விபத்து நடந்த இடத்தில் ஆள் எண்ணுவது இருபத்தொன்பது வருஷப் பழக்கம். பரஞ்சோதி திரும்பி விரலை நீட்டினார். நாகம்மை, ஜெசிந்தா, இளம்பரிதி, காதர் மொய்தீன், சவரிமுத்து.

"அஞ்சு."

"அஞ்சு இலைங்க," என்றார் சவரிமுத்து போனில்.

"திரும்ப எண்ணுங்க சார்," என்றார் ஜெசிந்தா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

எண்ணினார். நாகம்மை. ஜெசிந்தா. இளம்பரிதி. காதர் மொய்தீன். சவரிமுத்து. மறுபடியும் அஞ்சுதான்.

விரல் அந்தரத்தில் நின்றது.

பிறகு மெல்ல மடங்கி, திரும்பி, அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டது.

"ஆறு," என்றார்.