ரோட்டோர மூலையில் மட்டும் பச்சை

“விதைச்சு இருபத்திரண்டு நாள் ஆச்சும்மா. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. உங்களைப் படைச்ச ரப்பு என்ன தூங்குறானா?”

கேட்டவர் மஸ்தான் கனி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். கேள்வியே கேட்டாலும் கட்டளை மாதிரிதான் வரும்.

சீனியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வயதில் மஸ்தான் கனியைவிடப் பன்னிரண்டு வருஷம் சின்னவர். ஆனால் குரு அவர்தான். சீடனை ‘வாத்தியாரே’ என்று கூப்பிடுகிற ஒரே குரு.

“எனக்கு மட்டும்தான் ரப்பா? உங்களுக்கு இல்லியா வாத்தியாரே?”



ஆடி மாதம் இதே வாசலில் வந்து நின்றவர் மஸ்தான் கனி. அல்லாவை எப்படி நம்புவது என்று கற்றுக்கொடுங்கள் என்றார்.

“வீட்டுல என்ன இருக்கு?” என்று கேட்டார் சீனியம்மா.

“ஒரு மூட்டை நெல்லு. மக ரகுமத்தும் அவ ரெண்டு புள்ளைகளும் என்கிட்டதான் இருக்காங்க. தை வரைக்கும் எங்க நாலு பேருக்கும் அதுதான்.”

“தூக்கிட்டு வாங்க.”

அந்தப் பக்கம் ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆவணியில் காய்ந்த மண்ணை உழுவார்கள். காய்ந்த நெல்லை வீசுவார்கள். மறுபடி உழுது மூடிவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். சீனியம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் மூட்டை முழுக்கப் புழுதிக்குள் போனது.

“இனி நான் என்ன செய்யணும்?”

“மழை தொடுற வரைக்கும் நீங்க அதைத் தொடக் கூடாது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இது ஒரு பெரிய விஷயமா என்று மஸ்தான் கனி சிரித்தார்.

அது ஆவணியில். இப்போது புரட்டாசி.

தினமும் அவருடைய பழைய மாணவன் பூவலிங்கம் அந்த ரோட்டில் சைக்கிளில் போவான். வயலைப் பார்த்ததும் மணியை அடிப்பான்.

“சார்! எறும்புக்கு அன்னதானம் நல்லபடியா நடக்குதா சார்? பெரிய மனசு சார் உங்களுக்கு!”

வீட்டில் ரகுமத்து.

“அத்தா, இன்னிக்கும் புள்ளைகளுக்கு அவிச்ச கிழங்குதான். நாளைக்கு அதுவும் இல்ல. உங்க சீனியம்மாகிட்ட கேளுங்க, புழுதியை எப்படி அவிக்கிறதுன்னு.”

ஒரு மத்தியானம், சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மஸ்தான் கனி மடியிலிருந்து பழைய விசிலை எடுத்தார். வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு ஊது ஊதினார்.

இரண்டு காக்கைகள் பறந்தன.

இருபத்துநாலாம் நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் குடத்தை எடுத்தார். சீனியம்மா வீட்டுக் கிணற்றில் ஆறு குடம் இறைத்தார். ரோட்டோர மூலையில் ஊற்றினார். அந்த மூலைதான் பூவலிங்கம் கண்ணில் படும்.

மறுநாளும் ஆறு குடம். அதற்கு மறுநாளும்.

ஐந்தாம் நாள் அந்த மூலையில் ஊசி ஊசியாகப் பச்சை.

பூவலிங்கம் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டான்.

“அட! சார் நெசமாவே நெல்லுதான் விதைச்சிருக்காரு!”

மஸ்தான் கனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

“அம்மா! வந்து பாருங்க. முளைச்சிருச்சு!”

சீனியம்மா வந்தார். குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு முளையை விரலால் தடவினார்.

“எத்தனை குடம்?”

மஸ்தான் கனி உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது.

“ஆறு. தினமும்.”

“ரப்பு எத்தனை ஊத்தினான்?”

“அவன் எங்கம்மா ஊத்தினான்! அதனாலதானே நான்…”

“சரி. அறுப்பு வரைக்கும் நீங்களே ஊத்துங்க.”

எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் ஊற்றினார். நாலாம் நாள் வாளியில் சேறு வந்தது. அதற்கடுத்த நாள் சேறும் வரவில்லை.

மூலை மஞ்சளானது. பிறகு வைக்கோலானது.

மணிச் சத்தம்.

“சார்! இப்ப மாட்டுக்கா அன்னதானம்?”

மஸ்தான் கனி நேராக வந்து சீனியம்மா முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். குரலில் டிரில் வாத்தியார் இல்லை.

“தொடாதீங்கன்னு சொன்னீங்க. தொட்டுட்டேன்.”

“தெரியும். கிணறு சொல்லுச்சு.”

“எல்லாம் போச்சும்மா. தண்ணி ஊத்தினதே செத்துருச்சு. ஒரு சொட்டும் பாக்காத மத்த நெல்லு எப்பவோ செத்திருக்கும். ரகுமத்துகிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

“எந்திரிங்க.”

வயலின் நடுவுக்குக் கூட்டிப்போனார். விரலால் புழுதியைக் கீறினார். ஒரு நெல் வந்தது. ஊதி, அவர் கையில் வைத்தார்.

“கடிங்க.”

கடித்தார். கடுக் என்றது. கடைவாய்ப் பல் வரைக்கும் வலித்தது.

துப்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேர் என்று அரிசி. மூட்டையிலிருந்து கொட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே.

பத்தடி தள்ளி இன்னொன்றைத் தோண்டினார். கடித்தார். கடுக்.

இன்னொன்று.

சீனியம்மா அவர் கையில் ஒரு தட்டு தட்டினார்.

“போதும் வாத்தியாரே. கடிச்சே தீத்துராதீங்க.”

“இது ஏன்மா சாகல?”

“இதை நீங்க எழுப்பல.”

மஸ்தான் கனி ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். வெயில் தலைக்கு நேரே வந்தது. அவர் வானத்தையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை.

சீனியம்மா வீட்டுக்குள் போய் ஒரு முறத்தோடு வந்தார். முறத்தில் நாலு படி நெல்.

“அந்த மூலை சும்மா கிடக்குதே.”

“மழை வரட்டுமே, அப்புறம்…”

“மழையை விதைக்கச் சொல்லலியே உங்களை.”

முறத்தை வாங்கிக்கொண்டார்.

கருகிய முளைகளை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார். கட்டிகளைக் காலால் மிதித்து உடைத்தார். வீசினார். மூடினார்.

பூவலிங்கம் வந்தான். பிரேக் போட்டான்.

“என்ன சார், மறுபடியுமா?”

“ஆமாப்பா.”

“தண்ணி?”

“அது என் வேலை இல்ல.”

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மஸ்தான் கனி கைகால் புழுதியோடு வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை.

“விதைச்சாச்சும்மா. கண்ணை இருட்டுது. ஒரு வாய் கஞ்சி இருந்தா ஊத்துங்க.”

சீனியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கஞ்சிக்கு வச்சிருந்ததைத்தான் இப்ப விதைச்சுட்டு வர்றீங்க.”