உருகாத வெண்ணெய்

வெகு காலத்துக்கு முன்னால் கற்கோட்டை என்ற நகரை அரிகண்டராசன் ஆண்டுவந்தான். அவனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். கண்ணாடியில் தெரிகிற மீசை தன்னுடையதுதானா என்று இழுத்துப் பார்ப்பான். "மரத்தில் ஒற்றர்கள் ஒளிந்திருப்பார்கள், மன்னா" என்று தளவாய் வில்லவராயர் ஒருநாள் காதில் ஓதினார். உடனே நகருக்குள் இருந்த மரங்களையெல்லாம் வெட்டச் சொல்லி, தெருவெங்கும் கல் பாவினான் ராசா. "ஒரு மரமும் மிச்சமில்லை" என்று தளவாயும் ஓலை எழுதிக் கொடுத்தார்.

அன்றுமுதல் நகரமே தோசைக்கல் ஆகிவிட்டது. ராத்திரியும் கல் கொதித்தது. ராசாவுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் கெடக் கெடச் சந்தேகம் கூடியது.

உச்சிவேளையில் முதல் கவளத்தை வெண்ணெயோடு உண்பது அவன் வழக்கம். தளவாய் வீட்டு வெண்ணெய் ராசவீதி வழியே வந்துசேர்வதற்குள் எண்ணெயாகிவிடும். நகரின் மேற்கு வாசல் வழியே வரும் வெண்ணெய்க்காரி மாராயியின் வெண்ணெய் மட்டும் உருண்டை குலையாமல் வரும். ராசா அதைத்தான் கேட்டு வாங்கி உண்பான். இது தளவாயின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

சித்திரையில் ஒருநாள் ராசா சபையிலேயே உண்ண உட்கார்ந்தான், மாராயியும் பானையோடு நின்றிருந்தாள். அப்போது தளவாய் எழுந்தார். "மன்னா, ஊரே உருகுகிறது. இவள் வெண்ணெய் உருகவில்லை. உள்ளே மெழுகோ, சூனியமோ, விஷமோ, யார் கண்டது?"

ராசா கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தான். "ஏய் பெண்ணே, உண்மையைச் சொல். இல்லையென்றால் வெண்ணெய் உருட்டிய கை போகும்."

காரணம் மாராயிக்குத் தெரியும். அவள் வரும் சாயக்காரத் தெருவில் இருபுறமும் புங்கமரங்கள், கூரையெல்லாம் பூசணிக்கொடி. நீலச் சாயத் தொட்டிகளின் நாற்றத்துக்குப் பயந்து, மரம் வெட்ட வந்த தளவாயின் ஆட்கள் அங்கே எட்டியும் பார்க்கவில்லை. சொன்னால் கை தப்பும், மரங்கள் போய்விடும். கொதிக்கும் வெயிலில் தொட்டியருகே அந்தச் சனங்கள் எப்படி நிற்பார்கள்?

"மகராசா, நான் சொன்னால் நம்புவீர்களா?"

"மாட்டேன்."

"தளவாய் ஐயா சொன்னால்?"

ராசா தளவாயை ஏற இறங்கப் பார்த்தான். "அரைகுறையாக."

"பின்னே யாரைத்தான் நம்புவீர்கள்?"

"என்னை. அதுவும் பசிக்காத நேரத்தில்."

சபை சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"அப்படியானால் நாளைக்கு மேற்கு வாசலில் என் பானையிலிருந்து நீங்களே இரண்டு உருண்டை எடுங்கள். ஒன்றைத் தளவாய் ஐயா ராசவீதி வழியே கொண்டுவரட்டும். இன்னொன்றை நீங்கள் நான் வரும் வழியில் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு வாக்கு வேண்டும். வழியில் எதைப் பார்த்தாலும் அரண்மனை வந்துசேரும்வரை கட்டளை போடக் கூடாது."

"இது பொறியா?"

"பின்னால் நூறு வாள் வரட்டுமே!"

"நான் பொன்தட்டில் ஏந்தி வருகிறேன்" என்று மார்தட்டினார் தளவாய்.

மறுநாள் அவர்தான் முதலில் வந்தார். தட்டு சுட்டதால் உருண்டையைக் கையில் எடுத்திருந்தார். வெண்ணெய் விரலிடுக்கில் வழிந்து, முழங்கை தாண்டி, பட்டு அங்கியில் இறங்கியிருந்தது. வெகுநேரம் கழித்து ராசா ஆடி அசைந்து வந்தான், வாழையிலையில் உருண்டை அப்படியே இருந்தது. மாராயி கையைப் புடவைக்குள் மறைத்தபடி பின்னால் வந்தாள்.

"தளவாய், ஒரு மரமும் இல்லை என்றீரே? நாற்பத்தொரு மரம் எண்ணினேன்."

"மரமா! ராசத்துரோகம்! ஒற்றர்கள் இருப்பார்கள், வெட்டச் சொல்லுங்கள் மன்னா!"

ராசா மாராயி பக்கம் திரும்பினான். "என் ஆணையை மீறிய மரங்களை ஏன் மறைத்தாய்?"

"மகராசா, அந்தத் தெருவுக்குள் நுழைந்தபின் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தீர்கள்?"

ராசா யோசித்துப் பார்த்தான். "ஒரு தடவைகூட இல்லை."

"கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து ராத்திரியில் திருப்பித் தருகிறது. மரம் வெயிலைத் தன் தலையில் தாங்கி, வேர் குடித்த நீரை இலைவழியே காற்றில் விடுகிறது. அந்தக் குளிர்ச்சியில் வெண்ணெயும் உருகவில்லை, உங்கள் மனசும் கொதிக்கவில்லை."

ராசா அந்த உருண்டையை எடுத்து, யாரையும் ருசி பார்க்கச் சொல்லாமல், வாயில் போட்டுக்கொண்டான்.

மாராயிக்கு அவன் பொற்காப்பு கொடுத்தான். வெட்டப்பட இருந்த அதே கையில் போட்டுக்கொள்ளச் சொன்னான். தளவாய்க்குப் பதவி போய் மண்வெட்டி வந்தது. ராசவீதியில் கல்லைப் பெயர்த்து மரம் நட்டு, அவரே தண்ணீர் ஊற்ற வேண்டும். வருஷா வருஷம் சித்திரை உச்சியில் கையில் வெண்ணெயோடு அந்த வீதியில் நடக்க வேண்டும். உருகாத அன்றைக்குப் பதவி திரும்பும்.

அப்புறம் என்ன? வில்லவராயர் கம்பும் கையுமாக வீதிமுனையில் நின்று, போகிற வருகிற ஆட்டையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அரண்மனையில் ராசாவின் குறட்டை மூன்று தெருவுக்குக் கேட்டது.