யானையின் காலில் கட்டிய அணை

ஒரு காட்டில், மூங்கிலும் முள்ளும் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு நின்ற ஒரு பெருங்காட்டில், கொம்பரசன் என்று ஒரு யானை இருந்தது. அழகுப் பைத்தியம்! வழியில் ஒரு குட்டை கிடந்தால் போதும், நின்று முகம் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

அதன் பின்னங்கால் மடிப்பில் ஓர் அட்டை குடியிருந்தது. பெயர் சுருளி. காதில் ஓர் உண்ணி குடியிருந்தது. பெயர் குன்றிமணி. ஒரே யானையின் ரத்தத்தைக் குடித்து வாழ்ந்ததால் இரண்டும் ஒன்றையொன்று "பங்காளி" என்றுதான் கூப்பிடும்.

பங்காளி என்றால் சண்டை இல்லாமலா?

கோடை வந்தது. அட்டைக்கு வெயில்தான் எமன். ஆனால் உச்சிப்பொழுதுக்குள் கொம்பரசன் ஆற்றில் இறங்கிவிடும். அந்த ஈரத்தில்தான் சுருளியின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ரத்தம் உறிஞ்சிக்கொண்டிருந்த சுருளி திடுக்கிட்டது. தோலுக்கடியில் ஓடிய ரத்தம் கீழே வரவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது!

"ஏ குன்றிமணி! தலைமடைக்காரன் புத்தியைக் காட்டிவிட்டாயே! அங்கே உட்கார்ந்து என் கால் ரத்தத்தை இழுக்கிறாயா?"

"நானா? மிளகளவு வயிற்றை வைத்துக்கொண்டு யானைக் காலை வற்றவைக்க முடியுமா, பங்காளி?"

"பின்னே ஏன் மேலே போகிறது?"

"போனால் போகட்டுமே! வந்துகொண்டும்தானே இருக்கிறது? குடித்துவிட்டுத் தூங்கு."

சுருளிக்குத் தூக்கம் வருமா? 'ஓர் அணை போட்டுவிட்டால் ஒரு சொட்டுகூட மேலே போகாது. கால் முழுக்கக் குளம்! கோடை முழுக்க விருந்து!' நினைக்க நினைக்க அதற்கு உடம்பெல்லாம் நெளிந்தது.

நாவல் மரத்தில் ஒரு குரங்கு இருந்தது. கையில் எது கிடைத்தாலும் முடிச்சுப் போடும். ஒருமுறை தன் வாலையே கிளையில் முடிச்சுப் போட்டுவிட்டுத் தாவிய குரங்கு அது. யானை அந்த மரத்தடிக்கு வந்ததும் சுருளி தேன் சொட்டப் பேசியது.

"அரசே, இவ்வளவு கம்பீரம் இருந்தும் கால் மொட்டையாக இருக்கிறதே! ஒரு கொடித் தண்டை போட்டால் என்ன?"

கொம்பரசனின் காது விரிந்தது. "தண்டையா? எனக்குப் பொருந்துமா?"

"ஆற்றங்கரையே அசந்துபோகும்!"

'கொடித் தண்டை' என்று கேட்டதுமே குரங்கு குதித்து இறங்கியது. சுருளி இருந்த மடிப்புக்குச் சற்று மேலே, பச்சைக் கொடியால் பின்னங்காலைச் சுற்றியது.

"இறுக்கு அண்ணே, இன்னும் இறுக்கு!"

"அழகுக்கு இத்தனை இறுக்கமா?" என்று கேட்டது கொம்பரசன்.

"தளர்ந்தால் நழுவிவிடுமே!"

கொம்பரசன் ஒயிலாக நடந்தது. தன் முடிச்சின் அழகைப் பார்த்துக்கொண்டே குரங்கும் மரத்துக்கு மரம் தாவி வந்தது. கொடிக்குக் கீழே நரம்புகள் கயிறுபோல் புடைத்தன. பிறகு பாம்புபோல் புடைத்தன.

"பார் பங்காளி, பார்! என் குளம் நிரம்புகிறது!" என்று கூவியது சுருளி.

வெயில் ஏறியது. பச்சைக் கொடி காய்ந்தது. காயக் காய இறுகியது. ஆறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கொம்பரசன் நின்றுவிட்டது.

"கால் கல்லாகக் கனக்கிறதே! எடுத்து வைக்க முடியவில்லையே!"

துதிக்கையை நீட்டிப் பார்த்தது. பின்னங்காலுக்கு எட்டவில்லை. சுடுபாறையில் அப்படியே சாய்ந்தது.

சுருளியின் தோல் காயத் தொடங்கியது. சரி, குளத்தில் குடிப்போம் என்று வாயை வைத்தது. சீ! கறுத்த, குளிர்ந்த, தேங்கிய ரத்தம். இன்னொரு முறை உறிஞ்சியது. ஒன்றுமே வரவில்லை. பதறிப்போய்க் கொடியைத் தாண்டி மேலே ஊர்ந்தது. அங்கே தோலுக்குள் தப்... தப்... தப்... என்று துடித்தது. கீழே இறங்கிக் கேட்டது. சத்தமே இல்லை.

"பங்காளி! என் குளம் செத்துப்போயிற்று!"

"அணை போட்டாயா, பாவி?" என்றது குன்றிமணி. "நெஞ்சுக்குள் தூங்காமல் இறைக்கிறவன் ஒருவன் இருக்கிறான். மழைக்காலமெல்லாம் யானையின் அக்குளில் கிடந்து அவன் சத்தத்தைக் கேட்டவன் நான். அவன் ஒரு தள்ளுத் தள்ளினால் காலுக்கும் போகிறது, காதுக்கும் போகிறது. போனது அவனிடமே திரும்பி, மூச்சிலே புதுக்காற்று வாங்கிக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறது. மத்தியானத்தில் ஜில்லென்று குடிப்பாயே, அது எங்கே குளிர்ந்தது என்று நினைத்தாய்? இந்தக் காது விசிறி விசிறித்தான் குளிர்ந்தது! திரும்புகிற வழியை நீ அடைத்துவிட்டாய். புது ரத்தம் நுழைய இடம் ஏது?"

சுருளி அலறியது. "குரங்கண்ணே! அவிழ், அவிழ்!"

"அவிழ்ப்பதா? எனக்குக் கட்டத்தானே தெரியும்! நல்ல தண்டையை ஏன் அவிழ்க்க வேண்டும்?"

"அது தண்டை இல்லை அண்ணே, அணை! பேராசையால் நான் போட்ட அணை!"

கொம்பரசன் பிளிறியது. "என் காலிலா அணை கட்டினாய்? உன்னை மிதித்துக் கூழாக்குகிறேன், பார்!"

"மிதியுங்கள் அரசே! மிதிப்பதற்காவது கால் வேண்டுமே! குரங்கண்ணே, பல் இருக்கிறதே, கடி!"

குரங்கு கடித்தது. கொடி நறுக்கென்று அறுந்தது.

தப்!

சுருளி தோலில் தலையை அழுத்திக் கேட்டது.

தப்... தப்... தப்! கால் முழுக்கச் சூடு பாய்ந்தது. "ஆயிரம் எறும்பு ஊர்கிறதே!" என்று கத்திக்கொண்டே கொம்பரசன் எழுந்தது. நொண்டியது, நடந்தது, ஓடியது, தொப்பென்று ஆற்றில் விழுந்தது! காலை ஓர் உதறு உதற, சுருளி கரைச் சேற்றில் போய் விழுந்தது.

கொம்பரசன் அதை மிதிக்கப் பின்னங்காலைத் தூக்கியது.

"அரசே, அசையாதீர்கள்!" என்று காதுக்குள் கத்தியது குன்றிமணி. "தண்ணீரில் உங்கள் காலைப் பாருங்கள்!"

கொம்பரசன் பார்த்தது. தூக்கிய காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "தண்டை இல்லாமலே எடுப்பாகத்தான் இருக்கிறது, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே காலைத் தள்ளி வைத்தது.

குரங்கு அறுந்த கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டது. யானையும் கரையேறியது.

"பங்காளி! நீ வரவில்லையா?" என்று காதிலிருந்து குரல் வந்தது.

சேறு குளுகுளுவென்று இருந்தது. சுருளி தலையைத் தூக்கிச் சொன்னது: "போய் வா பங்காளி. போனால்தானே திரும்பி வருவாய்!"

கொம்பரசன் காதை விசிறிக்கொண்டு, நான்கு காலாலும் நிலம் அதிர நடந்து போனது.

நீதி: போவதைத் தடுத்தால் வருவதும் நின்றுபோகும்.