மார்கழிக் குளியலும் ஒரு படையும்

அநியாயம் நடந்தது பரிசல்காரி பூவாயிக்கு. அவள் ஊர்ப் பரிசல்களில் ஆற்றைக் கடந்து ஜெயித்த தளபதி மல்லப்பராயர், அவற்றைத் திருப்பித் தர மறுத்தார். பரிசல் இல்லாமல் அந்த ஊர் எப்படிப் பிழைக்கும்?

கடக்க வழி சொன்னதே பூவாயிதான். மார்கழி விடியலில் பெண்கள் பாடிக்கொண்டே ஆற்றில் குளிப்பது அங்கே வழக்கம். படை கடந்த அன்றும் தோழிகளோடு உரக்கப் பாடினாள். துடுப்புச் சத்தம் பாட்டில் அமுங்கியது. "குளிக்கிற பொண்ணுங்கடா" என்று எதிர்க்கரைக் காவலர்கள் போர்வைக்குள் சுருண்டார்கள். பனிமூட்டத்தில் படை கரையேறியது.

பூவாயி அரசரிடம் முறையிட்டாள்.

"இவள் வெறும் பாட்டுத்தானே பாடினாள்!" என்று சிரித்தார் தளபதி.

"வெறும் பாட்டுதாங்க ராஜா," என்றாள் பூவாயி. "அடுத்த ஆத்துல தளபதியே பாடட்டும். எதிரி எந்திரிக்காமத் தூங்கினா, பரிசலை அவரே வெச்சுக்கட்டும்!"